பளுகல் வீட்டுக்கு அளவெடுத்தது

வீட்டுக்காரியை நான் நேரில் பார்த்ததில்லை.
குவைத்தில் இரவு டியூட்டி முடிந்து
சீருடையைக்கூட மாற்றாமல் ஃபோனில் வருவாள்.
இங்கே அப்போது ஒன்பதரை.
"எக்கா, கொஞ்சம் திருப்புங்க.
அந்தப் பக்கம் இல்ல, மத்த பக்கம்."

மேற்கு ஜன்னல் கட்டையில்
ஒரு பழைய புட்டுக்குற்றி.
அதில் ஃபோனைச் சாய்த்தால்
ஹால் முழுக்க வரும்,
சாப்பாட்டு மேசை, மகளின் பாடப்புத்தகங்கள்,
பாதி அடுக்களை.
அவள் புருஷன் றசல் கண்டுபிடித்த இடம்.
இரண்டு வருஷமாக
அங்கேதான் இருக்கிறாள்.

அறை என்றால் கண் போய் உட்கார
ஓரிடம் வேண்டும் என்று படித்திருந்தேன்.
கிழக்குச் சுவரைக் காட்டினேன்.
செங்கல் நிற டைல், மேலே மஞ்சள் விளக்கு.
"நல்லா தெரியுது எக்கா" என்றாள்.
சுவரைச் சொன்னாளா,
அதன் முன்னால் தலைசீவிக்கொண்டிருந்த
அனிஷ்மாவைச் சொன்னாளா.

இஞ்சிவிளையிலிருந்து சுகுமாரன் ஆசாரி வருவார்,
எல்லையைத் தாண்டி, டீ ஆறுவதற்குள்.
எனக்கு மில்லிமீட்டர்.
அவருக்குக் கோலும் விரலும்.
அலமாரியின் மேல்தட்டில் முட்டிக்கொண்டோம்.
"அந்தப் பெண்ணுக்கு என்ன உயரம்?"
என் தோளுக்கு வரும் என்றார் றசல்.
இப்போ எனக்குச் சமமா இருக்கும் என்றாள் மகள்.
ஃபோனில் ஒரு சாண்.
அன்றைக்கு அவளையே கேட்டோம்.
வார்டில் மருந்து இழுக்கும் ஸ்டாண்டோடு
முதுகை ஒட்டி நின்று பார்த்துச் சொன்னாள்:
அஞ்சடி ஒண்ணு.
ஆசாரி ஒரு தட்டையே வெட்டிப்போட்டார்.

இடவப்பாதியில் பெயின்ட் காயவில்லை.
அவள் தேர்ந்தெடுத்த பச்சை
அவள் திரையில் மட்டும் பச்சை.
இங்கே ரப்பர் மரங்களின் இருட்டு
சுவரில் ஏறிச் சாம்பலாக்கிவிட்டது.
மூன்று டப்பா வீண்.
காசு நான்தான் போட்டேன், சொல்லவில்லை.

சோபா இடப்பக்கம். வலப்பக்கம்?
ஒன்றும் வைக்காதே என்றாள்.
அங்கே பாய் விரித்து
அனிஷ்மா கணக்குப் போடுவாளாம்.
வரைபடத்தில் அது சாய்ந்து தெரிந்தது.
அவள் வந்து உட்கார்ந்ததும்
நேரானது.

டிசம்பரில் வந்தாள். நாற்பது நாள் லீவு.
விடிகாலை மூன்றரைக்கு வந்து இறங்கியவள்
நான் போகும்போதும் தூங்கியிருக்கவில்லை.
விளக்கைப் போட்டுக் காட்டினேன்.
இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள்,
மேல்தட்டைத் தொட்டாள். கை எட்டியது.
சோபாவில் உட்காரவில்லை.

நேராக மேற்கு ஜன்னலுக்குப் போனாள்.

அங்கே
தலையாட்டாத பெடஸ்டல் ஃபேன்,
காயாத துணிக்கூடை, இரண்டு குடை,
ரப்பர் ஷீட் கட்டு, மண்வெட்டி,
என் மூன்று டப்பா.
படத்தில் விழக்கூடாததெல்லாம்
இந்த வீட்டில்
அவள் பக்கம்தான் குவிந்திருந்தது.

"இதெல்லாம் எப்போ வந்துச்சு?"
"எப்பவும் இஞ்சதான் கிடக்குது" என்றாள் மகள்.
"உனக்குத் தெரியாதுல்லா."

துணிக்கூடையைக் காலால் தள்ளினாள்.
ஒரு டப்பாவைக் கவிழ்த்து
ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.
ஹாலைப் பார்த்தாள்.
றசல் ஏனோ சட்டையைச் சரி செய்துகொண்டார்.

என் வரைபடத்தில்
அந்த மூலையில் வெறும் கோடு.
பிளக் பாயின்ட் என்று எழுதியிருந்தேன்.

அவள் காப்பி எடுக்க எழுந்தபோது
ஆசாரி குனிந்து
டப்பாவின் உயரத்தை அளந்தார்.
"பதிமூணு விரல்."
முந்நூற்றுத் தொண்ணூறு என்று எழுதினேன்.
சண்டையில்லை.

"நாற்காலி போட்டா
பொறவு ஃபோனை எங்க வைக்க?"
என்று கேட்டாள் அனிஷ்மா.
புட்டுக்குற்றி
அடுப்பில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.